கிள்ளான் மாவட்டமும் அதன் ஆட்சி முறையும்

எந்தக் காரியமானாலும் கிராணியாரையோ நிர்வாகியையோ நாடுவதே தோட்ட மக்களின் நெடுநாளைய வழக்கம். தோட்டத்தை விட்டு வெளியே வீடு வாங்கிக் குடியேறுவோர்க்கு இது போதாது. எக்காரியத்திற்கு எந்த அலுவலகம் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். கிள்ளானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

சிலாங்கூரின் ஒன்பது மாவட்டங்களுள் கிள்ளானும் ஒன்று. வடக்கே கோலசிலாங்கூர், கிழக்கே பெட்டாலிங், தெற்கே கோலலங்காட், மேற்கே மலாக்கா நீரிணை ஆகியன இதன் எல்லைகள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிவரும் கிள்ளான் ஆறு, நகரை வடகிள்ளான், தென்கிள்ளான் எனப் பிரித்துக் கடலில் கலக்கிறது. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது.

மாவட்டத்தில் கிள்ளான், காப்பார் என இரு முக்கிம்கள் உள்ளன. மாவட்ட நிர்வாகத்திற்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. முக்கிம் அளவில் பெங்ஹூலு பணியாற்றுகிறார். நிலம் மாநில அரசின் பொறுப்பாகும். நில வரியை ஆண்டுதோறும் மே 31ஆம் தேதிக்குள் நில அலுவலகத்திற்குச் செலுத்துதல் வேண்டும். அறிவிப்பு வந்த பின்னரும் செலுத்தாவிடில், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி நிலமே பறிபோகக்கூடும்.

வடிகால், குப்பை, தெருவிளக்கு, சந்தை, வணிக உரிமம் ஆகியவை ஊராட்சி மன்றத்தைச் சார்ந்தவை. 1977 ஜனவரி 1இல் அமைந்த கிள்ளான் நகராண்மைக் கழகம், 2024 பிப்ரவரி 5இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டமையால், உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி அவர்கள் எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நால்வருக்கு மிகாமலும் இருப்பர். மதிப்பீட்டு வரியை பிப்ரவரி, ஆகஸ்டு மாத இறுதிக்குள் இரு தவணையாக மன்றத்திற்குச் செலுத்த வேண்டும். நில வரி வேறு, இவ்வரி வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றது தீர்ந்தது என எண்ணலாகாது.

தோட்டத்து லயங்களின் நிலை வேறு. அவை தனியார் நிலத்தில் உள்ளவை. அங்குள்ள வீடுகளைச் செப்பனிடுவது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் குடியிருப்புத் தரச் சட்டம் கூறுகிறது. குறையிருப்பின் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம்.

ஆகவே நிலத்திற்கு நில அலுவலகம், வடிகாலுக்கு மன்றம், லயத்திற்குத் தொழிலாளர் இலாகா என்பதை நினைவிற் கொள்வோம். முறையீட்டை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியையும் வரி ரசீதுகளையும் வீட்டில் பத்திரமாக வைத்திருப்போமாக.