எடைக்குப் போகும் முன் பாதத்தைப் பாருங்கள்
பரணில் கிடக்கும் காட்ஸில்லா பொம்மை குப்பையா, சேகரிப்பாளர் தேடும் பொருளா? மும்பையில் பழைய கட்டடங்கள் இடிபடும் காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி

செம்பூரிலும் மாதுங்காவிலும் பழைய அடுக்குமாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு உயர்ந்த கோபுரங்களாக மாறுகின்றன. வீட்டைக் காலி செய்யும் நாளில் பரணிலிருந்து எல்லாம் இறங்குகின்றன: பித்தளை அண்டா, கிழிந்த சூட்கேஸ், பிள்ளைகள் விளையாடிய பொம்மைகள். அண்டாவை யாரும் எடைக்குப் போடுவதில்லை. பொம்மைகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பங்கார்வாலாவின் தராசில் அவை வெறும் பிளாஸ்டிக்.

அந்தப் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தாராவியின் 13ஆம் காம்பவுண்ட். அங்கே தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, உருக்கி, குருணையாக்கிவிடுகிறார்கள். நொறுக்கும் இயந்திரத்துக்குள் போனது திரும்பி வராது. அதற்குள் போகும் பொம்மைகளில் எப்போதாவது ஒன்று, கடல் கடந்த சேகரிப்பாளர் நூற்றுக்கணக்கான டாலர் தரக்கூடியதாக இருக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு பூதத்தை எடுத்துக்கொள்வோம். 1954 நவம்பரில் ஜப்பானின் டோஹோ நிறுவனம் இஷிரோ ஹோண்டா இயக்கத்தில் வெளியிட்ட படத்தில் பிறந்தது காட்ஸில்லா. அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழுந்த அந்த ராட்சதப் பல்லி, ரப்பர் உடைக்குள் ஒரு நடிகர் புகுந்து நடித்த பாத்திரம். 1966ல் மருஸான் என்ற ஜப்பானிய நிறுவனம் அதை மென்மையான வினைல் பொம்மையாக்கியது. பிறகு புல்மார்க், 1983 முதல் பண்டாய் என்று பலர் தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் மேட்டல் நிறுவனம் 'ஷோகன் வாரியர்ஸ்' வரிசையில் ஒன்றரை அடிக்கும் மேல் உயரமான காட்ஸில்லாவை விற்றது. அதில் பொறித்திருக்கும் ஆண்டு 1977. விசையை அழுத்தினால் ஒரு கை பாய்ந்து செல்லும். தலையின் பின்னால் உள்ள நெம்பை அசைத்தால் தீ வடிவ நாக்கு வெளியே வரும்.

இவை மும்பைக்கு எப்படி வரும்? இந்தியாவில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதற்கு முன் வெளிநாட்டுப் பொம்மை என்பது பெரும்பாலும் துபாய் மாமாவோ அமெரிக்கச் சித்தப்பாவோ பெட்டியில் கொண்டுவந்த பரிசு. யார், எந்த ஆண்டு, எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். விற்கும்போது இந்தக் குடும்பக் கதைக்கும் மதிப்பு உண்டு.

அடுத்து, பொம்மையைத் தலைகீழாகத் திருப்புங்கள். உரிமையாளர் பெயர், ஆண்டு, தயாரான நாடு ஆகியவை பெரும்பாலும் பாதத்திலோ வாலின் அடியிலோ இருக்கும். ஒரு எச்சரிக்கை: பொறித்திருப்பது உரிமை பதிவான ஆண்டு, பொம்மை அச்சில் வார்க்கப்பட்ட ஆண்டு அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். பழைய அச்சிலிருந்து மறுபதிப்புகளும் வருகின்றன. டோஹோ பெயரே இல்லாமல் 'சீனத் தயாரிப்பு' என்று மட்டும் இருந்தால், கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் மொத்த விலைக்குக் கிடைக்கும் சாதாரண டைனோசர் அது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, உறுப்புகள். பாயும் கை என்றாலே முதலில் தொலைவது அதுதான். கை, வால், நாக்கு எல்லாம் இருக்கின்றனவா, விசைகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டி இருந்தால் விலை பல படி ஏறும். பண்டாய் பொம்மைகளில் கூடவே தொங்கும் காகிதச் சீட்டுக்குக்கூட மதிப்பு உண்டு. பிள்ளைகள் முதலில் கிழித்து எறிவது பெட்டியையும் சீட்டையும்தான். அதனால்தான் அவை அரிது.

நான்காவது, வண்ணம். விளையாடித் தேய்ந்த இடம் மூக்கு நுனி, விரல், முதுகுத் தகடு என்று மேடான பகுதிகளில் இருக்கும். மேடும் பள்ளமும் ஒரேமாதிரி பளபளத்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். புதுப் பூச்சு விலையைக் குறைக்கும். எனவே தேய்ந்திருக்கிறதே என்று பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். உடைந்த மூட்டைப் பசை போட்டு ஒட்டுவதும் அப்படித்தான்.

கடைசியாக, எந்தப் பிளாஸ்டிக்? இதில் உலகின் எந்த நிபுணருக்கும் தாராவித் தொழிலாளர்கள் இளைத்தவர்கள் இல்லை. தட்டினால் வரும் ஓசை, வளைத்தால் உடையும் விதம், சிறு துண்டைக் கொளுத்தினால் எழும் வாசனை ஆகியவற்றை வைத்தே வகை பிரிக்கிறார்கள். நீங்கள் கொளுத்த வேண்டாம். தொட்டுப் பார்த்தால் போதும். மென்வினைல் சற்று அமுங்கும். பல ஆண்டுகள் வெயிலிலும் ஈரக்காற்றிலும் கிடந்தால் அதை இளக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மேலே கசிந்து பிசுபிசுக்கும். அருகில் இருக்கும் வேறு பிளாஸ்டிக்கையும் அது அரித்துவிடும். லேசான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தனியாக வையுங்கள். தின்னர், பெட்ரோல் கூடாது.

எல்லாப் பழசும் தங்கமாகிவிடாது. 1998ல் ஹாலிவுட் எடுத்த 'காட்ஸில்லா' படத்துக்காக மலைபோல் பொம்மைகள் தயாராகி, பல விற்காமல் தேங்கின. 1993ன் 'ஜுராசிக் பார்க்' படத்துக்காகக் கென்னர் வெளியிட்ட டைனோசர்களின் காலில் படத்தின் சின்னமும் எண்ணும் இருக்கும்; அவற்றிலும் பெட்டியில்லாத, உறுப்பு குறைந்த பொம்மைக்குப் பெரிய விலை கிடையாது. நிறைய விற்றது, குறைவாகத் தேடப்படுவது என்ற இரண்டும் சேர்ந்தால் வயது மட்டும் விலையைத் தூக்காது.

விலையை அறிய, இணைய ஏலத் தளங்களில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள். அதே ஆண்டு, அதே நிலை, அதே உறுப்புகள் கொண்ட நாலைந்து விற்பனைகளை ஒப்பிட்டால் ஒரு கணக்கு கிடைக்கும். அமெரிக்காவில் 'ஆக்ஷன் ஃபிகர் அதாரிட்டி' போன்ற அமைப்புகள் 100க்கு மதிப்பெண் போட்டுச் சான்று தருகின்றன. ஆனால் கட்டணமும் தபால் செலவும் உண்டு. அரிதான பொம்மைக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும். உள்ளூரில் விற்க நினைத்தால் சோர் பஜாரின் மட்டன் தெரு இருக்கிறது. அங்கு போகும் முன் விலை தெரிந்திருப்பது நல்லது, பேரம் பேசுவது அவர்கள் தொழில்.

தாராவியின் மறுசீரமைப்புத் திட்டம் 2022 ஏல முடிவில் அதானி குழுமத்திடம் சென்றது. 13ஆம் காம்பவுண்டின் தரம் பிரிக்கும் கைகள் எங்கே போகும் என்பது அங்கே பெரிய கேள்வி. பரண்களோ அதற்குள் காலியாகிக்கொண்டே இருக்கின்றன. கிலோவுக்குச் சில பத்து ரூபாய் தரும் தராசுக்குக் காட்ஸில்லாவும் ஷாம்பு டப்பாவும் ஒன்றுதான். அடுத்த முறை மூட்டை கட்டும்போது ஐந்து நிமிடம் செலவழித்து, பொம்மையின் பாதத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.