தையல் பிரித்த பிறகு யார் வருவார்? – இயன்முறை மருத்துவமும் சேரியின் உரிமையும்

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. அத்தோப்புகளில் மரம் ஏறிக் காய் வெட்டும் தலித் தொழிலாளி ஒருவர், இழப்பீட்டு வழக்கு தொடர்பாக என்னைச் சந்தித்தார். மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர் அவர். காப்பீட்டு அட்டையின் உதவியால் அறுவை சிகிச்சை கட்டணமின்றி நடந்தது. கம்பி பொருத்தி, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே படத்தில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை.

மருத்துவமனை தந்த வெளியேற்றக் குறிப்பின் கடைசி வரியில், இயன்முறை மருத்துவத்தைத் தொடர வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கே, எத்தனை நாட்கள், யாரிடம் என்ற விவரம் எதுவும் இல்லை. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவரும் இல்லை. "இரும்பு வச்ச காலு, ஆட்டுனா கழண்டுபோகும்னு பயந்துட்டோம் சார்" என்றார் அவருடைய மனைவி. இரண்டு மாதங்கள் காலை அசைக்காமல் கட்டிலில் கிடத்திப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பே அவருடைய தொழிலைப் பறித்துவிட்டது.

இதை ஒரு குடும்பத்தின் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அறுவை சிகிச்சையை மட்டுமே சிகிச்சையாகக் கணக்கிடும் ஓர் அமைப்பின் விளைவு இது.

உழைக்கும் உடலின் அளவுகோல்

அறுவை சிகிச்சை எலும்பை இணைக்கிறது. மூட்டையும் தசையையும் மீண்டும் இயக்குவது பயிற்சிதான். அசைக்காத மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கும். பயன்படுத்தாத தொடைத் தசை மெலியும். தொடக்க வாரங்களில் எளிதாகச் செய்யக்கூடிய பயிற்சி, மாதங்கள் கடந்தபின் பெரும் வலியோடு செய்யவேண்டியதாகிறது. சிலருக்கு மற்றோர் அறுவை சிகிச்சையும் தேவைப்படுகிறது.

இதில் வர்க்கமும் சாதியும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுவதற்கு முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினால் போதும். தரையில் குந்தி உட்கார 120 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிபவருக்கு நல்ல முன்னேற்றமாகத் தெரியும் கால், களை எடுப்பவருக்கும் சித்தாளுக்கும் மரமேறுபவருக்கும் வேலைக்கு உதவாத கால்.

தீக்காயங்களுக்கும் இது பொருந்தும். பட்டாசு ஆலைகள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் விபத்துகள் தொடர்கதை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் இறந்தோரை எண்ணுகிறோம். உயிர் பிழைத்தவர்களின் கழுத்தும் அக்குளும் விரல்களும் தழும்பால் இறுகிப்போவதை எண்ணுவதில்லை. அந்த இறுக்கத்தைத் தடுக்க, தோல் ஒட்டு அறுவை முடிந்த பின்னும் பல மாதங்கள் நீட்டல் பயிற்சியும் தாங்கு கட்டும் தேவை.

திட்டங்கள் எங்கே நிற்கின்றன?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து செயல்படுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பு, ஏழை மக்களின் போராட்டத்துக்கும் வாக்குக்கும் கிடைத்த பலன். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் இக்காப்பீடு மருத்துவமனைப் படுக்கையை மையமாகக் கொண்டது. ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி, வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான தொடர் கவனிப்பே தொகுப்புக்குள் அடங்கும். தொடை எலும்பு கூடுவதற்கே மாதங்கள் ஆகும். முழங்கால் இறுகும் காலமும் காப்பீடு முடிந்துபோன காலமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை தரும் திட்டமாகவே பலரும் இதை அறிவர். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும், நோய்த் தணிப்புக் கவனிப்பும் இத்திட்டத்தின் பகுதிகள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்ற இத்திட்டத்தின் இப்பகுதியை, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தலித் குடும்பங்கள் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் அரசு மருத்துவமனைகளுக்கோ, 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வாரம் பலமுறை போய்வர வேண்டும். மடங்காத காலோடு நகரப் பேருந்தின் படியில் ஏற வேண்டும். துணைக்கு வருபவரும் அன்றைய கூலியை இழக்கிறார். கட்டணம் இல்லாத சிகிச்சைக்கு இரண்டு பேரின் கூலி விலையாகிறது. மூன்றாவது முறையோடு பயணம் நின்றுவிடுகிறது.

சட்டத்தின் வெளிச்சமும் இருளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் பிரிவு 25 கிராமப்புறங்களில் அருகிலேயே இலவச மருத்துவ வசதியையும், பிரிவு 27 மறுவாழ்வுச் சேவைகளையும் அரசின் கடமைகளாக்குகின்றன. ஆனால் பிரிவு 2 தரும் வரையறைப்படி, நீண்டகாலக் குறைபாடு உடையவரே மாற்றுத்திறனாளி. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதமே ஆனவர் இவ்வரையறைக்குள் எளிதில் வரமாட்டார். பயிற்சி கிடைக்காமல் கால் நிரந்தரமாக முடங்கிய பின்னரே சட்டம் அவரை அடையாளம் காண்கிறது. ஊனத்தைத் தடுக்க வேண்டிய நாட்களில் அவருக்குத் துணையாக நிற்பது, உயிர் வாழும் உரிமையைக் கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுதான். உரிய நேரத்தில் மருத்துவம் அளிப்பது அரசின் கடமை என்று 1996இல் பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அடுத்தது தீண்டாமை. இயன்முறை மருத்துவம் தொடுதலால் நிகழும் மருத்துவம். நோயாளியின் காலைக் கையில் ஏந்தி மடக்கி நீட்ட வேண்டும். அவருடைய வீட்டுத் தரையில் அமர வேண்டும். ஊர்த்தெரு வரை வந்த பணியாளர் காலனிக்குள் நுழையத் தயங்கினால், எட்ட நின்று வாயால் மட்டும் பயிற்சி சொல்லிவிட்டுப் போனால், அது பணிக்குறைபாடு மட்டும்தானா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)(டி), மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் பிரிவு 5 மருத்துவமனையில் சேர்த்த பின் காட்டும் பாகுபாட்டையும் தண்டிக்கிறது. இரண்டும் மருத்துவமனையின் வாசலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மருத்துவமே வாசல் தாண்டி வீட்டுக்கு வரும் காலத்தில், தீண்டாமை ஒழிப்பால் கிடைக்கும் எந்த உரிமையைத் தடுத்தாலும் குற்றம் என்னும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7(1)(ஏ)வை நாம் துணைக்கு அழைக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். வராத நாள், வந்த நாள், வந்தவர் செய்தது ஆகியவற்றை எழுதிவைத்தால்தான் சான்று உருவாகும்.

உடனே செய்யவேண்டியவை

ஒன்று: வெளியேற்றக் குறிப்பைக் கையில் வாங்கும்போதே, எந்த அசைவை எப்போது தொடங்கலாம், எவ்வளவு எடையைக் காலில் தாங்கலாம், எத்தனை வாரங்கள் பயிற்சி தேவை என்று தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவுசெய்யவும் அனுமதி கேளுங்கள். மருத்துவர் கூறாத பயிற்சியை நாமாகத் தொடங்கக் கூடாது. கூறியதைத் தள்ளிப்போடவும் கூடாது.

இரண்டு: அதே வாரத்தில், உங்கள் பகுதியின் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் வரவேண்டும் என எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். பலன் இல்லையெனில் 104 மருத்துவ உதவி எண்ணிலும், முதலமைச்சரின் உதவி எண் 1100இலும் புகாரைப் பதிவுசெய்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று: சாலை விபத்தாகவோ பணியிட விபத்தாகவோ இருந்தால், பயிற்சிக்கான செலவுச் சீட்டுகளையும் பயணச் செலவுக் கணக்கையும் பாதுகாத்து வையுங்கள். சாலை விபத்து இழப்பீட்டில் சிகிச்சைச் செலவும் போக்குவரத்துச் செலவும் ஒரே தலைப்பிலும், எதிர்கால மருத்துவச் செலவு தனித் தலைப்பிலும் அடங்கும் என்று ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது. சீட்டு இல்லாவிட்டால், பயிற்சி செய்யாதது உங்கள் தவறு என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

நான்கு: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தில், உங்கள் ஒன்றியத்தில் எத்தனை இயன்முறை மருத்துவர்கள் பணியில் உள்ளனர், கடந்த ஆண்டில் எந்தெந்தக் குடியிருப்புகளுக்குச் சென்றனர் என்று கேளுங்கள். காலனியின் பெயர் அப்பட்டியலில் இல்லையென்றால், அதுவே நமது முதல் ஆவணம்.

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் எளியவை. எலும்பு, நரம்பு, தீக்காய அறுவைகளுக்கான காப்பீட்டுத் தொகுப்பில், வீடு திரும்பிய பின்னான பயிற்சி அமர்வுகளையும் சேர்க்க வேண்டும். நோயாளி வெளியேறும் நாளிலேயே அவருடைய பெயர் ஊரின் சுகாதார நிலையத்துக்குச் சென்று சேர வேண்டும். வீட்டுவருகைப் பதிவேட்டைக் குடியிருப்பு வாரியாக வெளியிட வேண்டும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. அத்துணியால் கட்டப்பட்ட காயம் ஆறிய பின், இதே வட்டாரத்தின் தொழிலாளி மீண்டும் குந்தி உட்கார முடிகிறதா என்று பார்க்க ஒருவர் அவருடைய வீட்டுக்கு வரவேண்டும். வந்து, அவருடைய காலைத் தொட வேண்டும்.