கருவி இல்லாத இசைப் பயிற்சி

சங்க காலத்துப் பாணர் ஊர்தோறும் சென்று, பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர். அவர் சென்ற இடமெல்லாம் யாழும் உடன் சென்றது. பத்துப்பாட்டுள் சீறியாழ்ப் பாணரை ஆற்றுப்படுத்துவது சிறுபாணாற்றுப்படை என்றும், பேரியாழ்ப் பாணரை ஆற்றுப்படுத்துவது பெரும்பாணாற்றுப்படை என்றும் பெயர் பெற்றன என்பர். வழிநடையே வாழ்க்கையாகக் கொண்டவர்க்குக் கருவி தோளிலேயே இருந்தது. இன்று இசை பயிலும் மாணவனுக்கு அந்த வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 1949ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஸ்டார்லைட் சாலையில் இயங்கி வருகிறது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய இடங்களில் பயிலும் இளைஞர், பள்ளி விடுமுறையில் உறவினரைக் காணத் தமிழ்நாடு செல்வர். மேற்படிப்புக்காக வேறு நாடு செல்வர். தேசிய சேவைக்காக இரண்டாண்டுகள் அளிப்பர். ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள வீணையை விமானத்தில் மடிமேல் வைத்துச் செல்ல இயலாது. புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் போர்ப்பயிற்சி பெறும் இளைஞன் மிருதங்கத்தைத் தோளில் தூக்கிச் செல்லவும் இயலாது. பத்தாண்டுகள் பயின்ற கலை இத்தகைய இடைவெளியிலே அறுந்துபோவதும் உண்டு. “கருவி இல்லை, ஆகவே பயிற்சி இல்லை” என்பது மாணவன் கூறும் காரணம். அக்காரணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நொடியும் மாத்திரையும்

காலத்தை அளக்க நம் முன்னோர் எதை அளவுகோலாகக் கொண்டனர்? எழுத்தின் மாத்திரைக்கு அளவு கூறவந்த தொல்காப்பியர், இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும், கை நொடிக்கும் பொழுதையுமே காட்டினார். கண்ணும் விரலும் மனிதனை விட்டுப் பிரிவதில்லை. ஆகவே அளவுகோலும் பிரிவதில்லை. இலக்கணத்தில் வழங்கும் மாத்திரை என்னும் அச்சொல்லே இசையிலும் வழங்குகிறது.

தாளம் போடும் முறையை நோக்குக. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைகள் உள்ளன. முதலில் ஒரு தட்டு. பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை. இந்நான்கும் சேர்ந்து இலகு எனப்படும். அதன்பின் தட்டும் வீச்சுமாக இருமுறை வருவன இரண்டு துருதங்கள். நாலும் இரண்டும் இரண்டும் கூடி எட்டாயின. இதற்கு வேண்டிய கருவி ஒரு கையும் ஒரு தொடையுமே. எண்ணிக்கைக்கு ஒரு விநாடி வீதம் போட்டால் ஓர் ஆவர்த்தனம் எட்டு விநாடியில் முடியும். அறுபத்துநான்கு ஆவர்த்தனம் போட ஒன்பது நிமிடம்கூட ஆகாது. பெருவிரைவு ரயிலில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி வீடு திரும்பும் மாணவன், அருகில் இருப்பவர்க்குச் சிறிதும் இடையூறின்றி, விரல்களை மட்டும் மடக்கி இதனைச் செய்து முடிக்கலாம்.

தாளத்தை மாற்றாமல் பாடத்தின் காலத்தை மாற்றிப் பார்ப்பது அடுத்த படி. ஆதி தாளத்தில் சரளி வரிசையை முதற்காலத்தில் பாடும்பொழுது ஓர் ஆவர்த்தனத்தில் எட்டுச் சுரங்கள் அமையும், இரண்டாங்காலத்தில் பதினாறு, மூன்றாங்காலத்தில் முப்பத்திரண்டு. கை ஒரே நடையில் செல்ல, நா மட்டும் விரைய வேண்டும். விரைவு கூடும்பொழுது கையும் உடன் ஓடிவிடுவதே மாணவரிடம் பெரிதும் காணப்படும் குறை. கருவி கையில் இருந்தால் அதன் ஒலியில் இக்குறை மறைந்துவிடக்கூடும், வெறுங்கையில் மறையாது.

பேசும் தோல்

மிருதங்கம் “பேசுகிறது” என்று கூறுவது வெறும் புகழ்மொழி அன்று. முதற்பாடமே “த, தி, தொம், நம்” என்னும் சொற்கள்தாம். சொல்லை முதலில் வாயால் கூறி, பின்னரே விரலால் தோலில் எழுப்புவர். சொற்களைக் கட்டி அமைத்தமையால் அதனைச் சொற்கட்டு என்றனர். சொல்லத் தெரிந்ததை வாசிக்கப் பழகலாம்; சொல்லத் தெரியாததை வாசிக்க முற்படுவது பொருளறியாது எழுத்துக்கூட்டுவது போன்றதே.

தீர்மானம் அமைக்கும் கணக்கு இதற்கு நல்ல சான்று. ஆதி தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்கு மாத்திரையாகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்திற்கு முப்பத்திரண்டு மாத்திரை. “ததிகிணதொம்” என்னும் ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை கூறினால் பதினைந்து. அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கமாகிய சமத்தில் சரியாக வந்து சேர வேண்டுமாயின், முப்பத்திரண்டிலிருந்து பதினைந்தைக் கழிக்கப் பதினேழு. எனவே பதினேழு மாத்திரை கழித்து, அதாவது முதல் துருதத்தின் தட்டில் இரண்டாம் மாத்திரையில், தொடங்க வேண்டும். ஏழு மாத்திரைச் சொற்கட்டாயின் எங்கே தொடங்குவது? ஒன்பதாயின் எங்கே? இக்கணக்கைச் செய்ய மிருதங்கம் வேண்டுவதில்லை. பேருந்து நிறுத்தமே போதும். உண்மையில், மிருதங்கத்தின்முன் அமர்ந்தபின் இக்கணக்கைத் தொடங்குவது காலத்தை வீணாக்குவதே ஆகும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் இவ்வரிசையையே காட்டுகிறது. தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் கூறுமிடத்து, ஆடல், பாடல், பண், தாளம் முதலியவற்றை அவன் குற்றமற உணர்ந்திருத்தலை முதலில் வைத்து, விரலின் தொழில்நுட்பத்தைப் பின்னரே வைக்கிறார் இளங்கோவடிகள்.

மனத்தில் ஒரு வீணை

வீணை பயில்வோர் என் செய்வது? வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள் உள்ளன. ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரு தாயிகள் அமையும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வர்ணத்தின் முதல் அடியைச் சுரமாகப் பாடுக. ஒவ்வொரு சுரத்திற்கும் இடக்கை விரல் எம்மெட்டில் நிற்கிறது, வலக்கை எங்கே மீட்டுகிறது, எவ்விடத்தில் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்ப வேண்டும் என்பவற்றை மனக்கண்ணால் காண்க. எங்கே காட்சி மங்குகிறதோ அங்கே பாடம் இன்னும் மனத்தில் ஊன்றவில்லை என்று அறியலாம். கித்தார் பயில்வோர்க்கும் இம்முறை அப்படியே பொருந்தும். ஆறு தந்திகளையும் மெட்டுகளையும் மனத்தில் நிறுத்தி, வாயால் பாடி, விரலை நினைவில் ஓட்டலாம்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. அல்வாரோ பாஸ்குவல்-லியோன் என்னும் நரம்பியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1995ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பியானோ அறியாதவர்க்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கற்பித்து, ஒரு சாராரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஐந்து நாள் வாசிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை அதே நேரம் விரலை அசைக்காமல் மனத்தால் மட்டும் வாசிக்கச் செய்தனர். விரலை இயக்கும் மூளைப் பகுதியில் ஏற்பட்ட மாற்றம் இரு சாரார்க்கும் ஒத்திருந்தது. வாசிப்பின் திருத்தத்தில், மனத்தால் பயின்றவர் ஐந்தாம் நாளில் அடைந்தது, கையால் பயின்றவர் மூன்றாம் நாளில் அடைந்த அளவே. ஆயினும் பின்னர் இரண்டே மணி நேரம் கையால் பயின்றதும் அவரும் ஐந்தாம் நாள் அளவை எட்டினர்.

எல்லை எங்கே?

இவ்வாய்வே மனப்பயிற்சியின் எல்லையையும் கூறிவிடுகிறது. மனத்தால் மட்டும் பயின்றவர் பின்தங்கினர் என்பதை மறக்கலாகாது. தந்தியில் அழுந்திக் காய்த்த விரல்நுனி, பல வாரம் தந்தியைத் தொடாவிடில் மென்மையாகிவிடும். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை ஒட்டி நாதத்தைச் சேர்க்கும் செவிநுட்பத்தைத் தொடையில் தட்டிப் பெற முடியாது. ஆகவே ஊர் திரும்பியவுடன் முன்போல் நெடுநேரம் வாசிக்க முற்படுதல் தவறு. விரல் நொந்து, மனமும் சோர்ந்து, இடைவெளியால் விளைந்த தளர்ச்சியைக் கலையையே இழந்துவிட்டதாக மாணவன் எண்ணிவிடுகிறான். முதல் வாரம் சிறிது நேரமே மெதுவாக வாசித்து, பிறகு நேரத்தைக் கூட்டுவதே அறிவுடைமை.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது பழமொழி. ஆடத் தெரிந்தவரும் கூடம் இல்லாத இடத்தில் ஆட முடியாது என்பது உண்மையே. ஆனால் அடவை மறவாமல் வைத்திருக்கலாம்.

இதில் மாணவனைவிட ஆசிரியர்க்கே பொறுப்பு மிகுதி. பாடம் என்னும் சொல்லுக்கு ஆசிரியர் சொல்லித் தருவது என்றும், மனத்தில் நின்றுவிட்டது என்றும் இருபொருள் நம் வழக்கில் உண்டு. “பாட்டுப் பாடமாகிவிட்டதா?” என்று நாம் கேட்கிறோம். பாட்டைச் சுரமாகப் பாடவும், சொற்கட்டை வாயால் கூறவும், தாளத்தைக் கையில் போடவும் முதலிலேயே பழக்கிய ஆசிரியர், மாணவனுக்கு எடையில்லாத ஒரு கருவியைச் செய்து கொடுத்தவராவார். விரலை மட்டும் பழக்கியவர் அதனைக் கொடுக்கத் தவறியவராவார். பயணம் புறப்படும் மாணவன் விடைபெற வரும்பொழுது, ஒரு வர்ணத்தையோ ஒரு தீர்மானத்தையோ வாயால் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டு அனுப்புவது நன்று. திரும்பி வரும் நாளில் அதையே மீண்டும் முதலில் கேட்கலாம்.