துவண்டு நிற்கும் குஞ்சுக்கு முதல் மருந்து சூடு

கிள்ளானில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் அதற்கு இடமில்லை. இருந்தாலும், பிள்ளை ஆசைப்பட்டதென்று ஒரு குஞ்சு அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அது தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி நிற்கும். பிள்ளை அழும். பெரியவர்கள் பாலைப் புகட்டுவார்கள், மஞ்சளைக் கரைத்து ஊற்றுவார்கள். ஊற்றியது மூச்சுக்குழாயில் புகுந்தால், பிழைக்க வேண்டிய குஞ்சும் செத்துப்போகும்.

வெயில் நாட்டில் குஞ்சுக்குக் குளிருமா என்று கேட்கலாம். குளிரும். முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கோலாலம்பூரில் நடுப்பகலில்தான் அந்தச் சூடு கிடைக்கும். விடியற்காலையில் 24 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தாய்க்கோழியின் சிறகுக்குள் இருக்க வேண்டிய உயிர், காற்றாடிக்குக் கீழே வெறும் தரையில் கிடந்தால் என்ன ஆகும்? தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இன்னும் வரவில்லை.

ஆகவே முதலில் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட வேண்டும். இப்போது கடைகளில் கிடைக்கும் எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிர இதற்குப் போதிய சூடு தராது. மறு மூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஓயாமல் கத்தினால் போதவில்லை.

முதல் இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டால் பதற வேண்டாம். முட்டையின் மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் மிச்சமிருக்கிறது, அதுவே உணவு. உடம்பு சூடேறிய பிறகு, அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் தானே குடிக்கும். ஆழமில்லாத மூடியில் கோலிக்குண்டுகளைப் போட்டுத் தண்ணீர் வைத்தால் மூழ்காது.

பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடைப்பு நீடித்தால் உயிருக்கே ஆபத்து. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்தால் போதும். பிய்த்தால் தோல் கிழியும். உடனே ஈரத்தைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். கால்கள் பக்கவாட்டில் விரிந்து போவதற்குப் பெரும்பாலும் வழுக்கும் தரையே காரணம். படித்து முடித்த இந்த நாளிதழைப் பெட்டியில் விரிக்காமல், சொரசொரப்பான துணியை விரிப்பது நல்லது.

தொப்புள் வீங்கி நாற்றம் அடித்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்து மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. நலமாகத் தெரியும் குஞ்சிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தமிடக் கூடாது.

ஒரு குஞ்சு துவண்டால் அது வீட்டு விஷயம். பல கோழிகள் அடுத்தடுத்து விழுந்தால் அப்படி இருந்துவிட முடியாது. பறவைக் காய்ச்சல் 2006 பிப்ரவரியில் கோம்பாக் வட்டாரத்திலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவின் பாயா ஜாராஸிலும் கம்போங் கோழிகளிடம்தான் தென்பட்டது. அப்படி நேர்ந்தால் செத்ததை வெறுங்கையால் தொடுவதோ, கால்வாயில் வீசுவதோ, மிஞ்சியதை அவசரமாக விற்பதோ கூடாது. மாவட்டக் கால்நடைச் சேவை இலாகாவுக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிட வேண்டும்.