கடலலை மின்சாரமும் பொதுப்பணக் கணக்கும்

அரசாங்கம் பாலம் கட்டப் பணம் கொடுத்தால் கணக்குக் கேட்பது எளிது. இத்தனை தூண், இத்தனை மூட்டை சிமெண்டு, இத்தனை நாள் கூலி என்று எழுதிக்கொண்டு, முடிவில் பாலம் நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எவரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்து பார்ப்பதற்குப் பணம் கொடுத்தால் எப்படிக் கணக்குக் கேட்பது? சோதனை தோற்றது என்பதனாலேயே பணம் வீண் என்று சொல்லிவிட முடியாது. தோல்வியும் சோதனையின் ஒரு முடிவுதானே என்று கூறிக் கணக்கே கேளாமல் விட்டுவிடவும் முடியாது.

இந்த இக்கட்டை ஐம்பது ஆண்டுகளாக அனுபவித்துவருவது ஸ்காட்லாந்து. கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சிக்கு அங்கே பொதுப்பணம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாகக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு வகைக்கும் கணக்குக் கேட்கும் முறையும் வேறாக இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரென்று உயர்ந்தபோது, எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சால்ட்டர் என்ற பொறியியல் அறிஞர் அலைகளின் மீது கவனத்தைத் திருப்பினார். அவர் வகுத்த மிதவைக்கு 'வாத்து' என்று பெயர் வந்தது. அதன் முன்புறம் வாத்தின் அலகைப் போலக் கூம்பியிருக்கும். பின்புறம் உருண்டையாக இருக்கும். அலை வந்து மோதும்போது அலகு தலையாட்டும்; உருண்டையான பின்புறமோ தனக்குப் பின்னுள்ள நீரைக் கலக்காது. ஆகவே வந்த அலையின் சக்தியில் பெரும்பகுதி அந்தத் தலையாட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. 1974-இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் அவர் இதைப்பற்றி எழுதினார். 1976-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அலைச்சக்தி ஆராய்ச்சிக்கென ஒரு திட்டத்தையே தொடங்கிற்று. வாத்து மட்டுமன்றி வேறு பல கருவிகளும் அதில் இடம்பெற்றன.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. 2000 மெகாவாட் அளவுள்ள மாபெரும் மின்நிலையம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, அதில் உற்பத்தியாகும் மின்சாரம் யூனிட்டுக்கு என்ன விலையாகும் என்று கூறவேண்டும். தொட்டியில் சிறு மாதிரிகளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்ட கேள்வி இது! தவழும் குழந்தையை நிறுத்தி, வளர்ந்தபின் நீ மணிக்கு எத்தனை மைல் ஓடுவாய் என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கேட்ட கேள்வியே தவறு என்பது என் கருத்து.

கேள்விக்கு விடையை மதிப்பிட்ட அலுவலகம் ஹார்வெல் என்ற ஊரில், அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில் இருந்தது. 1982-இல் எரிபொருள் ஆராய்ச்சிக்கான ஆலோசனைக் குழு கூடி, அலைச்சக்திக்கான செலவைக் குறைக்கலாம் என்று முடிவு கூறிற்று. திட்டம் ஏறக்குறைய அத்துடன் நின்றது. சால்ட்டர் பின்னர் பிரபுக்கள் சபையின் குழு முன்பு தம் குறைகளை எடுத்துரைத்தார். கடலடி மின்கம்பி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் என்பதைப் போன்ற எண்களை உண்மைக்கு மாறாக மிகைப்படுத்திக்கொண்டு விலையை ஏற்றிவிட்டார்கள் என்பது அவர் வாதம். 1992-இல் நடந்த மறு ஆய்வு, வாத்தின் பிந்தைய வடிவத்துக்கு முன்னைவிடக் குறைந்த விலையையே மதிப்பிட்டது. ஆனால் அதற்குள் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன.

இது அணுசக்திக்காரர்கள் செய்த சதி என்று கூறுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கணக்கைப் போட்டவரும், அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவரும், தீர்ப்புக்கு உள்ளானவரும் ஒரே தாளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. கேடு விளைய அதுவே போதும்; சதி எதற்கு?

இரண்டாவது காலத்தில் தனியார் கம்பெனிகள் வந்தன. எடின்பரோவில் 1998-இல் தொடங்கிய ஒரு கம்பெனி 'பெலாமிஸ்' என்ற யந்திரத்தைச் செய்தது. கடற்பாம்பைக் குறிக்கும் பெயர் அது. நீண்ட உருளைகள் மூட்டுக்களால் இணைக்கப்பட்டு நீரில் மிதக்கும். அலை ஏறி இறங்கும்போது மூட்டுக்கள் வளைந்து எண்ணெயை அழுத்தி, அந்த அழுத்தத்தினால் மின்னாக்கியைச் சுழற்றும். 2004-இல் ஆர்க்னித் தீவுகளின் அருகே, பொதுப்பணத்தால் அமைந்த சோதனை நிலையத்திலிருந்து, அது நாட்டின் மின்கம்பிகளுக்கு மின்சாரம் அனுப்பிற்று. ஆழ்கடல் அலையிலிருந்து அவ்வாறு அனுப்பிய முதல் யந்திரம் அதுவே. 2008-இல் போர்ச்சுகல் கடலில் மூன்று யந்திரங்கள் நிறுத்தப்பட்டன. சில மாதங்களுக்குள்ளேயே அவற்றைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். 2014 நவம்பரில் கம்பெனி நொடித்தது. 'சிப்பி' என்ற பெயருடைய மற்றொரு யந்திரத்தைச் செய்த கம்பெனியும் மறு ஆண்டே நொடித்தது.

கம்பெனி நொடிக்கும்போது போவது பணம் மட்டுமன்று. எந்த மூட்டு எத்தனை மாதத்தில் தேய்ந்தது, எந்தக் கணிப்புப் பொய்த்தது என்னும் அறிவெல்லாம் பெட்டி நாற்காலிகளோடு சேர்ந்து கடன்காரர்களின் சொத்தாகிவிடும். மக்கள் ஒரு பங்கு விலை கொடுத்து வாங்கிய பாடம் மக்களுக்குக் கிடைக்காமலே போகலாம்.

இதே காலத்தில் ஸ்காட்லாந்து அரசாங்கம் வேறொரு வழியையும் பார்த்தது. 2008-இல் அது 'சால்ட்டயர் பரிசு' என்று 1 கோடிப் பவுன் அறிவித்தது. கடலின் அலையிலிருந்தோ நீரோட்டத்திலிருந்தோ, தொடர்ந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 10 கோடி யூனிட் மின்சாரம் எடுப்போரில் முதல்வருக்குப் பரிசு. பார்வைக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாடு இல்லை. காரியம் முடிந்தாலன்றிக் கருவூலம் திறவாது. ஆனால் 2017-இல் கெடு முடிந்தபோது வென்றவர் ஒருவரும் இல்லை. பென்ட்லண்டு நீரிணையின் அடியில் நான்கு சுழலிகளுடன் இயங்கும் மெய்ஜென் நிலையம், இத்துறையில் முன்னணியில் நிற்பது. அதுகூட 2023 வரை பல ஆண்டுகளில் சேர்த்த மொத்தம் 5 கோடி யூனிட்டே. அலை ஓய்ந்தபின் நீராடலாம் என்பார்களே, அதுபோல, எல்லாம் கைகூடியபின் பணம் தருகிறேன் என்றது பரிசு. பணம் வேண்டியிருந்ததோ கைகூடுவதற்கு முன்னர்.

பெலாமிஸ் நொடித்த அந்த 2014-ஆம் ஆண்டின் இறுதியிலேயே, 'வேவ் எனர்ஜி ஸ்காட்லாந்து' என்ற அமைப்பை அரசாங்கம் நிறுவிற்று. முதற்காரியமாக நொடித்த கம்பெனியின் அறிவுச் சொத்தை அது வாங்கிக்கொண்டது. பிறகு புதிய யந்திரங்களுக்குப் படிப்படியாகப் பணம் கொடுக்கலாயிற்று. முதற்படியில் எட்டுத் திட்டங்கள், தேறியவை நான்கு, அவற்றுள்ளும் கடலில் சோதிக்கும் படிக்கு வந்தவை இரண்டு. வேண்டிய செலவு முழுவதையும் அமைப்பே கொடுக்க முடியும். ஆனால் ஒரு படியில் காட்டவேண்டியதைக் காட்டினாலன்றி அடுத்த படிக்குப் பணம் இல்லை.

பள்ளிக்கூட மானியம் வாங்கியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நானும் எத்தனையோ சான்றிதழ்களில் கையொப்பமிட்டிருக்கிறேன். பணம் முறையாகச் செலவாயிற்று என்று அதில் எழுதுவோம். அதனால் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று எழுத அதில் இடம் இருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் ஏற்பாட்டில் அந்த இடம் உண்டு. பணம் வாங்கியவர், கண்டறிந்தவற்றை அறிக்கையாக எழுதிக் கொடுக்கவேண்டும், அது வெளியிடப்படும்.

தேறிய இரண்டில் ஒன்றாகிய 'புளூ எக்ஸ்' 2021-இலும், மற்றொன்றாகிய 'வேவ்ஸ்விங்' 2022-இலும் ஆர்க்னிக் கடலில் இறங்கின. ஊர்களுக்கு ஒளி தரும் அலைமின் நிலையம் அங்கே இன்னும் எழவில்லை. இந்த முறையினால் எழுந்தே தீரும் என்று உறுதி கூறவும் முடியாது. சால்ட்டர் 2024 பிப்ரவரியில் காலமானார். 1982-இல் தம் வாத்தைப் பற்றி எழுதப்பட்ட கணக்கோடு அவர் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது. இன்று அந்த எட்டுத் திட்டங்களுள் இடையில் நின்றுபோன ஆறைப் பற்றிய அறிக்கைகளையும் எவரும் கட்டணமின்றி எடுத்துப் படிக்கலாம்.