உலை வைக்கும் முன் ஒரு பிடி!

'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்' என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. நல்ல பழமொழிதான். ஒரே ஒரு சிக்கல்... யாருக்கும் எதுவும் மிஞ்சுவதே இல்லை! ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் பால்காரர், பள்ளிக்கூட ஃபீஸ், வீட்டுக் கடன், கேஸ் சிலிண்டர் என்று வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இருபதாம் தேதிக்கு மேல் நாமே கைமாற்றுக்கு ஆள் தேடுகிறோம். 'மிஞ்சட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்தால் தர்மம் பண்ணுகிற நாள் காலண்டரில் வரவே வராது.

இந்தப் பழமொழியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டு, நூறு வருஷத்துக்கு மேலாகச் சோறு சமைக்கிற ஒரு ஊர் இருக்கிறது. ஊர் என்ன ஊர், ஒரு மாநிலமே! மிஜோரம்.

நாட்டின் வடகிழக்கு மூலையில், மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே, மலைக்கு மேல் மலையாக அடுக்கி வைத்த சின்ன மாநிலம். 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 11 லட்சம் ஜனங்கள். அவர்களில் 100-க்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அங்கே போய்ச் சேர்ந்தது 1894-ல். அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1910-ல், அங்கே பெண்கள் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார்கள். பெயர் 'புஃபாய் தாம்'. மிஜோ மொழியில் புஃபாய் என்றால் அரிசி. தாம் என்றால் கைப்பிடி. நம்ம பாஷையில் சொன்னால், பிடி அரிசி!

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு வேளையும் சமைக்க அரிசி அளந்து எடுக்கிறார்கள் இல்லையா? அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்படியில் தனியாக இருக்கும் டப்பாவில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம்தான் உலை. சபையைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரித்து வருவார்கள். சேர்ந்த அரிசியை விற்று, பணத்தைச் சபை வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ரசீது புத்தகம் கிடையாது, உண்டியல் குலுக்கல் கிடையாது, மேடையில் பொன்னாடை கிடையாது.

ஏன் அரிசி? அந்தக் காலத்து மலைக் கிராமத்தில் காசுப் புழக்கமே குறைவு. அதிலும் வீட்டுப் பெண்ணின் கைக்கு வருகிற காசு எவ்வளவு இருந்திருக்கும்? ஆனால், அரிசிப் பானை அவள் கையில்தான் இருந்தது. பர்ஸ் இல்லாதவர்கள் கொடுக்கக் கண்டுபிடித்த வழி இது!

'அவங்க ஊர்ல அரிசி கொட்டிக் கிடக்குது போல' என்று நினைத்துவிடாதீர்கள். மிஜோரம் மலைகளில் ஒரு வகை மூங்கில் சுமார் 48 வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அந்தக் காய்களைத் தின்று எலிகள் பல மடங்காகப் பெருகும். காய் தீர்ந்ததும் எலிக் கூட்டம் வயலுக்குள் இறங்கும். ராத்திரியோடு ராத்திரியாக விளைச்சல் காலி. இதற்கு 'மவ்தாம்' என்று பெயர். பிடி அரிசி ஆரம்பித்த மறு வருஷமே, 1911-ல், அப்படியொரு பஞ்சம் வந்தது. 1959-ல் மறுபடி வந்தது. சர்க்கார் கவனிக்கவில்லை என்ற கோபம் வளர்ந்து 1966-ல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்து, 1986-ல்தான் சமாதான ஒப்பந்தம் வந்தது. 2007-ல் மூங்கில் இன்னொரு முறை பூத்தது. பசி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஜனங்கள் அவர்கள். இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு பிடிப் பழக்கம் காணாமல் போகவில்லை. இன்றைக்கும் நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு பிடி 40 கிராம் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 80 கிராம். வருஷத்துக்கு 29 கிலோவுக்கு மேல்! ஆயிரம் வீடு சேர்ந்தால் 29 டன். 'ஒரு பிடிதானே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கால்குலேட்டரைத் தட்டிப் பார்க்கலாம். மாநிலத்தின் பெரிய சபையான பிரஸ்பிடீரியன் சபைக்கு இந்தப் பிடி அரிசியிலிருந்து இன்று வருஷத்துக்குப் பல கோடி ரூபாய் வருகிறது.

'அதெல்லாம் சரி சார், அந்தப் பணம் மதம் பரப்பத்தானே போகுது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பகுதி சபையின் மிஷன் வேலைக்குத்தான் போகிறது. அதில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பணம் போகிற இடத்தைப் பற்றி ஆயிரம் வாதம் பண்ணலாம். அது புறப்படுகிற இடம் இருக்கிறதே, அந்த அடுப்படி, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தக் குணம் முழுக்க மிஷனரிகள் கப்பலில் கொண்டு வந்ததும் அல்ல. 'த்லோம்ஙைனா' என்று மிஜோக்களிடம் ஒரு பழைய தர்மம் உண்டு. தன் சௌகரியத்தைப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்தவருக்கு உதவுவது. அதைச் சொல்லிக் காட்டாமலிருப்பது. ஒரு வீட்டில் சாவு என்றால், 1935-ல் ஆரம்பித்த இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் கடப்பாரையோடு போய்க் குழி வெட்டுவார்கள். இரவெல்லாம் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஆளில்லாக் கடைகள் இருக்கும். காய்கறி, பழம், விலை எழுதிய அட்டை, பக்கத்தில் ஒரு காசு டப்பா. அவ்வளவுதான். கடைக்காரர் மலைச்சரிவில் விவசாயம் பார்க்கப் போயிருப்பார். ஏற்கெனவே இருந்த இந்த மண்ணில்தான் பைபிள் விதை விழுந்தது. சட்டென்று முளைத்ததில் ஆச்சரியமில்லை.

பைபிளில் சாறிபாத் என்ற ஊர் விதவையின் கதை வரும். பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து எலியா தீர்க்கதரிசி வந்து, 'முதலில் எனக்கு ஒரு சின்ன அடை' என்கிறார். அவள் கொடுக்கிறாள். அதற்கப்புறம் பானையில் மாவு குறையவே இல்லை என்று முடிகிறது கதை. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கதையின் சூட்சுமம் 'முதலில்' என்ற அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

நமக்கு மட்டும் இது தெரியாதா என்ன? திருமூலர் காலத்திலிருந்தே கைப்பிடி சங்கதி தெரியும். காஞ்சி மகாபெரியவர் பிடி அரிசித் திட்டம் சொன்னார். நெல்லைச் சீமைச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை பழக்கமானதுதான். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு என்று சொல்லி, 1903-ல் திருநெல்வேலியில் ஒரு மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். அவரே 1912-ல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

இன்றைக்கும் நம் கிராமத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலம் அமர்க்களமாக நடக்கும். ஒரு பூசணிக்காயை இரண்டு சம்பந்திகள் போட்டி போட்டு ஏற்றி, கடைசியில் அது தங்க விலைக்குப் போகும்! அதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், அது வருஷத்துக்கு ஒரு நாள். ஊரே பார்க்க நடப்பது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதுகிற ஜாதிதானே நாம் எல்லாரும்! மிஜோரம் சாக்கில் யார் வீட்டுப் பிடி எது என்று கண்டுபிடிக்க முடியாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஏசு சொன்னதை அப்படியே கடைப்பிடிக்க இதைவிட வசதியான வழி இல்லை.

நம் வீட்டுத் தர்மத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முந்தாநாள் சாம்பார் வீட்டு வேலை செய்ய வருகிற அம்மாவுக்கு. பட்டன் போன சட்டை வெள்ள நிவாரணத்துக்கு. செல்லாத சில்லறை உண்டியலுக்கு. கொடுக்கிறோம், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால், வாங்குகிறவருக்குத் தெரியும், இது மிச்சம் என்று. அதே சாம்பாரை இறக்கி வைத்த கையோடு, நாம் சாப்பிட உட்காரும் முன், ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். செலவு அதேதான். அந்த அம்மா முகம் அதே முகமாக இருக்காது!

கிறிஸ்தவரோ இல்லையோ, இந்த வாரம் ஒரு காலி டப்பாவை அரிசி டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறைந்ததும் யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். பசித்தவர் தெருவுக்கு ஒருத்தராவது இருக்கிறார். ஒரே ஒரு கண்டிஷன்... பிடி உங்கள் கையால் எடுத்ததாக இருக்கணும். இதற்கென்று எல்.கே.ஜி. படிக்கிற குழந்தையின் கையை இரவல் வாங்கக் கூடாது!