இசைக் கருவியா, கட்டடமா?

லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பளபளக்கும் குழாய் வரிசையை முதன்முறை பார்ப்பவர் அலங்காரம் என்றே நினைப்பார். வெளியே தெரிவது கொஞ்சம்தான். ஹென்றி வில்லிஸ் 1871இல் கட்டிய அந்தப் பைப் ஆர்கனுக்குள் இன்று ஏறத்தாழ 10,000 குழாய்கள் இருக்கின்றன.

பியானோ போலக் கட்டைகள் இருந்தாலும் ஆர்கன் ஒரு காற்றுக் கருவி. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும். ஒலி உடனே தேயத் தொடங்கும். ஆர்கனில் குழாயின் அடியில் ஒரு வால்வு திறக்கும். விரலை எடுக்கும்வரை ஒலி குன்றாது. ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது. அதற்கு, பக்கத்தில் உள்ள குமிழ்களை இழுத்து வேறு குழாய் வரிசைகளையும் சேர்க்க வேண்டும். ஒரு வரிசை புல்லாங்குழலாகக் குழையும். பித்தளை நாக்கு பொருத்திய இன்னொன்று எக்காளமாக முழங்கும்.

குழாய் நீள நீள சுருதி இறங்கும். மேலே திறந்த 8 அடிக் குழாய் நொடிக்குச் சுமார் 65 முறை அதிரும். 16 அடிக்கு அதில் பாதி. 32 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்கு 16 அதிர்வுதான். காதைவிட நெஞ்சுக்கூடும் நாற்காலியும் அதை முதலில் உணரும்.

இத்தனைக்கும் சீரான காற்று வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவின் டெசிபியஸ் தண்ணீரின் அழுத்தத்தால் அதைச் சாதித்தார். பிறகு துருத்தி மிதிக்க ஆட்கள் வந்தார்கள். இப்போது மின்மோட்டார்.

ஆர்கனையும் ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே மாலையில் இணைக்கும் வழக்கம் பழையது. இசையமைப்பாளர் ஹாண்டல் 1735இல் லண்டனில் ஆரடோரியோ எனும் தன் சேர்ந்திசைப் படைப்புகளின் இடைவேளைகளில் ஆர்கன் கான்செர்ட்டோக்களைத் தானே வாசித்தார். 1886இல் அதே நகரில் அரங்கேறிய சாங்-சான்ஸின் மூன்றாம் சிம்பொனியில் ஆர்கன் முதலில் வயலின்களுக்கு அடியில் மெல்லப் பரவும். இறுதிப் பகுதி தொடங்கும்போதுதான் முழு பலத்துடன் வெடிக்கும்.

வழக்கமாக ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓபோ என்ற ஊதுகருவி சுருதி கொடுக்கும். ஆர்கன் சேரும் நாளில் ஓபோவும் அதற்குப் பணிய வேண்டும். அரங்கின் வெப்பம் ஏறினால் ஆர்கனின் சுருதியும் ஏறும். ஆயிரக்கணக்கான குழாய்களை நிகழ்ச்சிக்கு நடுவே திருத்த முடியாது. குளிர்சாதனத்தை ஒத்திகையின்போதே நிலைப்படுத்தி வைப்பது அதனால்தான்.